முப்பது ஆண்டுகளாக ஓடும் 'பபிள் கேங்': அதன் ஆயுள் ரகசியம் எழுத்தாளர்கள்

கேள்வி: "துபாயில் என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பினோ நண்பர்கள் சாப்பாட்டு நேரத்தில் 'பபிள் கேங்' என்ற நிகழ்ச்சியின் பழைய துணுக்குகளைப் போனில் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 1995-ல் தொடங்கி இன்னும் ஓடுகிறதாம். ஒரு காமெடி நிகழ்ச்சி எப்படி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது? அதில் அப்படி என்ன இருக்கிறது?"

பதில்:

பலரும் இதற்கு அதன் முதன்மை நடிகர் மைக்கேல் வி. என்ற ஒரே பெயரைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அவர் பெரிய கலைஞர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என் பார்வையில் 'பபிள் கேங்' நிலைத்ததற்கு முதல் காரணம் அதன் எழுத்தாளர்கள். அந்த வாரம் டிவியில் எது ஓடியதோ, தெருவில் மக்கள் எதைப் பேசினார்களோ, அதையே எடுத்து எழுதினார்கள். சில சமயம் அவர்களே கேமரா முன்னால் வந்து நடிக்கவும் செய்தார்கள். டிவி இருக்கும்வரை அவர்களுக்குச் சரக்கு தீராது.

முதலில் அடிப்படைத் தகவல்கள். 1995 அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை, ஜிஎம்ஏ தொலைக்காட்சியில் முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. மணிலா பெருநகரத்தின் பகுதியான கேசோன் சிட்டியில் இருக்கும் நிறுவனம் அது. நீண்ட காலம் வெள்ளி இரவுதான் இதன் நேரம். 2023-ல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. தொடர்கதை கிடையாது. அரை நிமிடத்தில் முடியும் துணுக்கும் இருக்கும், பல நிமிடம் ஓடும் துணுக்கும் இருக்கும். நடுவில் போலி விளம்பரம், பாட்டு நையாண்டி, யாராவது பிரபலத்தைப் போல வேடம். பிலிப்பைன்ஸில் இந்த வகையில் இதைவிட நீண்ட காலம் ஓடிய நிகழ்ச்சி வேறு இல்லை.

இது திடீரென்று முளைத்ததல்ல. பிலிப்பைன்ஸில் துணுக்கு நகைச்சுவைக்கு மேடை மரபு ஒன்று உண்டு, பெயர் 'போடபில்'. அமெரிக்கர்கள் ஆண்ட காலத்தில் அவர்களுடைய வாடவில் நிகழ்ச்சிகளைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்டது. ஆட்டம், பாட்டு, மாயாஜாலம், நடுநடுவே காமெடி எல்லாம் ஒரே மேடையில். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் நாட்டைப் பிடித்து அமெரிக்கப் படங்களைத் தடுத்தபோது, மணிலா சினிமா தியேட்டர்களில் மேடை நிகழ்ச்சிகள் நிரம்பின. வேலை இழந்த சினிமா நடிகர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். புகோ, டோகோ என்ற இரட்டையர் அப்போது செய்த ஒரு காரியம் இன்றும் பேசப்படுகிறது. ஜப்பானிய சிப்பாய்களாக வேடமிட்டு, இரண்டு கைகளிலும் வரிசையாகக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். சிப்பாய்கள் ஊர்க்காரர்களின் கடிகாரங்களைப் பறித்துக்கொண்டிருந்த நேரம் அது. வசனமே தேவைப்படவில்லை, அரங்கம் புரிந்துகொண்டது. அதற்காக இருவரும் கொஞ்ச நாள் சிறையில் இருந்தார்கள். 'பபிள் கேங்' அரசியல்வாதிகளைப் போல வேடமிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கைக்கடிகாரங்கள் நினைவுக்கு வரும்.

பிலிப்பைன்ஸ் நகைச்சுவையின் அரசர் என்று கொண்டாடப்படும் டால்பியும் போடபில் மேடையில் ஆடத் தொடங்கியவர்தான். பிறகு சினிமா, டிவி என்று வளர்ந்தார். 1973-ல் தொடங்கிய அவருடைய 'ஜான் என் மார்ஷா' என்ற குடும்பக் காமெடி 1990 வரை ஓடியது. அவரும் கூட்டாளி பஞ்சிட்டோவும் செய்த ஒரு வித்தை நாடு முழுக்கப் பிரபலம். ஒருவர் ஆங்கிலக் காதல் பாட்டின் வரியைச் சொல்வார், மற்றவர் அதைத் தகலாக் மொழியில் சொல்லுக்குச் சொல் அப்படியே பெயர்ப்பார், பாட்டின் உருக்கம் எல்லாம் சிதறிப்போகும். பல பத்தாண்டுகள் கழித்து 'பபிள் கேங்'கும் ஆங்கிலப் பாட்டுகளை இதே மாதிரி தகலாகில் பாடி, பாட்டுத் தொகுப்பு விற்கும் விளம்பரம் போல ஒரு துணுக்குத் தொடர் செய்தது. பார்க்கிற பையனுக்கு அது புதுசு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு டால்பி காலத்து ஞாபகம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

டிவியில் துணுக்கு நிகழ்ச்சி என்பது 1969-ல் ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சி தொடங்கிய 'சூப்பர் லாஃப்-இன்'னில் சூடுபிடித்தது. 1972 செப்டம்பரில் அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். தொலைக்காட்சி நிலையங்கள் மூடப்பட்டன, ஏபிஎஸ்-சிபிஎன் கைமாறியது. 1980-களில் 'டோடாஸ்', 'சம்போய்' போன்ற நிகழ்ச்சிகள் வந்தன. 1986 பிப்ரவரியில் மக்கள் எழுச்சி மார்க்கோஸை விரட்டிய பிறகு, செய்தி வாசிப்பையே கேலி செய்த 'சிக் ஓ'கிளாக் நியூஸ்' வந்தது. இயக்கியவர் மரிலூ தியாஸ்-அபாயா, பின்னாளில் நாட்டின் தேசியக் கலைஞராகவே அறிவிக்கப்பட்டவர். ஆட்சியைப் பற்றி வாய்திறக்க முடியாமல் கிடந்த ஒரு நாடு மறுபடி பேசிப் பழகியதில் இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்குப் பங்கு உண்டு. யாராவது இதைத் தனியாக எழுதினால் சந்தோஷப்படுவேன்.

'பபிள் கேங்'குக்கு நேரடி முன்னோடி, ஏபிசி-5 தொலைக்காட்சியில் வந்த 'ட்ரோபாங் ட்ரும்போ'. மைக்கேல் வி., ஓகி அல்காசித் இருவரும் அதில் இருந்தார்கள். மாணவர்களுக்கான வினாடி வினா ஒன்று அப்போது பிரபலம்; அதைத் தலைகீழாக்கி, அறிவே இல்லாத போட்டியாளர்களை வைத்து நடத்திய துணுக்குதான் அந்த நிகழ்ச்சியின் பெரிய வெற்றி. ஜிஎம்ஏ-வில் புது நிகழ்ச்சி தொடங்கியபோது இந்த அனுபவமும் கூடவே வந்தது. டிவியைக் கேலி செய்தால் டிவி பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் புரியும், முன்கதை சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

இந்த இருவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைக்கேல் வி.-யின் செல்லப் பெயர் பிடோய். ராப் பாடகராக வந்தவர். 1990-களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ ஈ. என்ற ராப் பாடகர், 'அழகில்லாதவளைத் தேடிக்கொள்' என்ற பொருளில் ஒரு பாட்டுப் பாடி நாட்டையே கலக்கினார். அதற்கு எதிர்ப்பாட்டாக 'அழகானவளையே தேர்ந்தெடு' என்று பாடி அறிமுகமானவர் பிடோய். அதாவது தொழிலில் அவருடைய முதல் காலடியே இன்னொருவரின் படைப்புக்கு ஒரு பதில். அப்புறம் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்கிறார். ஓகி அல்காசித் அதற்கு நேர்மாறு. உருகிப் பாடும் காதல் பாடகர், பாட்டு எழுதி இசையமைப்பவர். அப்படிப்பட்ட ஒருவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கவுன் போட்டு, ரெட்டைச் சடையோடு வந்து நின்றால்? பாதிச் சிரிப்பு அங்கேயே வந்துவிடும்.

சரி, உங்கள் நண்பர்கள் என்ன பார்த்துச் சிரித்திருப்பார்கள்?

'ஆங் தாத்திங் தோஒன்' ஆக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எனக்கு 'பபிள் கேங்'கில் மிகவும் பிடித்தது இதுதான், எழுத்தாளர்கள்தான் காரணம் என்று நான் சொல்வதற்கு ஆதாரமும் இதுதான். பிலிப்பைன்ஸில் எலி சொரியானோ என்ற மதப் போதகர் 'ஆங் தாத்திங் தாஅன்', அதாவது 'பழைய பாதை' என்ற பெயரில் நடத்திய நிகழ்ச்சி மிகப் பிரபலம். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். அவர் உடனே பைபிளில் இன்ன அதிகாரம், இன்ன வசனம் என்று எடுக்கச் சொல்லி, அதை வாசிக்க வைத்துப் பதில் தருவார். இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் சகோதரர் பீட், மக்கள் வாயில் 'பிராட் பீட்'. கேள்வி வரும். ரொம்பக் கனமான முகத்தோடு யோசிப்பார். அப்புறம் மேற்கோள் எடுப்பார். ஆனால் எடுப்பது மழலைப் பாட்டிலிருந்தோ சினிமாப் பாட்டிலிருந்தோ. அந்த ஒரு வரியை வைத்து நுணுக்கமாகப் பொருள் பிரித்து, சம்பந்தமே இல்லாத ஒரு முடிவுக்கு வந்து சேர்வார். கூட்டம் 'ஆமென்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஏலியன்!' என்று முழங்கும்.

நடுவில் உட்கார்ந்தவர் ஈஸ்கோ சால்வடோர். இரண்டு பக்கமும் சீசர் கோஸ்மே, சிட்டோ பிரான்சிஸ்கோ. மூன்று பேருமே அந்த நிகழ்ச்சியின் எழுத்தாளர்கள். நட்சத்திரங்கள் நிறைந்த ஒரு நிகழ்ச்சியில் மிகவும் புகழ்பெற்ற துணுக்குகளில் ஒன்றை எழுத்தாளர்களே நடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். அதன் கேலி நம்பிக்கையைத் தொடவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம் என்கிற வாதத் திறமை இருக்கிறதே, அதைத்தான் பிரித்துக் காட்டினார்கள். வாதம் எப்படிக் கட்டப்படுகிறது என்று உள்ளே இருந்து தெரிந்த ஒருவரால்தான் அதைக் குலைக்கவும் முடியும். நடிப்பு மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்திருந்தால் முகச் சேஷ்டையில் முடிந்திருக்கும்.

அடுத்தது யாயாவும் ஆஞ்சலினாவும். 'யாயா' என்றால் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆயா. வசதியான பிலிப்பினோ வீடுகளில் இது சாதாரணம். மாகாணத்திலிருந்து பிழைக்க வந்த பெண், வெள்ளைச் சீருடை, ஆங்கிலம் பேசி வளரும் பணக்காரக் குழந்தைக்குப் பின்னாலேயே நாள் முழுக்க ஓட வேண்டும். மைக்கேல் வி. அந்த யாயா, ஓகி அந்தக் குழந்தை ஆஞ்சலினா. குழந்தை என்ன அட்டகாசம் செய்தாலும் வருகிறவர்கள் முன்னால் சமாளிப்பது யாயாவின் பாடு. இதில் நுட்பம் என்னவென்றால் யாயாவையும் தியாகியாகக் காட்டவில்லை. அவளும் வாய்த் துடுக்கு உள்ளவள், சமயம் பார்த்துத் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளத் தெரிந்தவள். முதலாளி வீட்டுக் குழந்தைக்கும் வேலைக்காரிக்கும் நடுவில் இருக்கும் பாசம், எரிச்சல், அதிகாரம் மூன்றும் ஒரே வசனத்தில் வந்து போகும். 2009-ல் இது முழுநீளத் திரைப்படமாகவும் வந்தது. வளைகுடாவில் இருக்கும் பிலிப்பினோக்களுக்கு இது ஏன் இவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்கே விளங்கும். அவர்களில் எத்தனையோ பெண்கள் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்துத் தங்கள் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புகிறவர்கள்.

'பாய் பிக்-அப்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 வாக்கில் மணிலாவில் ராப் பாடகர்கள் நேருக்கு நேர் நின்று திட்டிக்கொள்ளும் போட்டிகள் இணையத்தில் பரவின. அந்த அமைப்பில் திட்டுக்குப் பதிலாகக் காதல் வழியும் கடி ஜோக்குகளை வைத்தார்கள். "நீ என்ன கீபோர்டா?" "ஏன்?" "நீதான் என் டைப்." இந்த ரகம். ஓகி ஒவ்வொன்றையும் முடித்து 'பூம்!' என்பார். பக்கத்தில் சாம் பின்டோ நெனெங் பி. என்ற பெண்ணாக நிற்பார். பள்ளிக்கூடம், அலுவலகம் என்று எல்லா இடத்திலும் இது பரவியது. 2012-ல் இதுவும் படமானது. துணுக்கில் இருந்த வேகம் இரண்டு மணி நேரத்துக்குத் தாங்காது என்பதே என் கருத்து.

2013-ல் ஓகி வேறு தொலைக்காட்சிக்குப் போனார். நிகழ்ச்சிக்கு உண்மையான சோதனை அதுதான். பதினெட்டு ஆண்டுகள் இரண்டு தூண்களில் நின்ற கட்டடம். ஒரு தூண் போனதும் பழைய பாத்திரங்களுக்கு வேறு ஆள் போட்டு ஓட்டியிருக்கலாம். அவர்கள் புது ஆட்களுக்குப் புதுத் துணுக்குகள் எழுதினார்கள். பாவ்லோ கோன்டிஸ், செஃப் கடயோனா, சாரிஸ் சாலமன், வலீன் மான்டினெக்ரோ, 'சர்வைவர்' போட்டியின் பிலிப்பைன்ஸ் பதிப்பில் வென்று வந்த பெட்டோங் சுமாயா என்று ஒரு அணி உருவானது. டால்பியின் பேரன் பாய் 2 கிசோனும் அதில் இருந்தார். பின்னாளில் புபோய் வில்லார் வந்தார். குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவின் சிறுவயது வாழ்க்கையைப் பற்றிய படத்தில் அந்த வீரராகவே நடித்த பையன் அவர். இப்படி ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும், தொடக்கம் முதல் இன்றுவரை நடுவில் மைக்கேல் வி. இருக்கிறார். படைப்புப் பொறுப்பிலும் அவர் இருப்பதால் புதியவர்களுக்கு அவரே வாத்தியார். பல ஆண்டுகள் இதை இயக்கிய ஊரோ டி லா குரூஸ், பெர்ட் டி லியோன் இருவரும் இன்று இல்லை. டி லியோன் 2021 நவம்பரில் காலமானார். மூன்று தலைமுறை பிலிப்பினோ டிவி காமெடியில் அவருடைய கை இருந்தது.

அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. போட்டித் தொலைக்காட்சியான ஏபிஎஸ்-சிபிஎன்னில் குழந்தைகளை வைத்தே நடத்திய 'கோயின் புலிலித்' 2005 முதல் 2019 வரை ஓடியது, மிக நல்ல நிகழ்ச்சி. 2008-ல் தொடங்கிய 'பனானா ஸ்ப்ளிட்' பின்னர் 'பனானா சண்டே' என்று பெயர் மாறி 2020 வரை வந்தது. 2020 மே 5-ம் தேதி ஏபிஎஸ்-சிபிஎன்னின் ஒளிபரப்பு உரிமக் காலம் முடிந்து அலைவரிசையே நிறுத்தப்பட்டது, ஜூலையில் நாடாளுமன்றக் குழு புதிய உரிமத்தையும் மறுத்தது. ஊரடங்கும் அதே சமயம். ஜிஎம்ஏ-வுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. ஆட்சிக்கும் டிவிக்கும் நடந்த அந்த மோதலில் எத்தனையோ பேர் வேலை இழந்தார்கள். 'பபிள் கேங்' தப்பியதை அதன் திறமை என்று மட்டும் சொல்வது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் அநியாயம்.

குறை இல்லையா? உண்டு, பெரிய குறை. குறிப்பாக 2000-களின் துணுக்குகளைப் பாருங்கள். கவர்ச்சி நடிகைகளை வைத்துக்கொண்டு, அவர்கள் வந்து நின்றாலே போதும், மற்றவர்கள் வாயைப் பிளந்தால் அதுவே ஜோக் என்று எத்தனையோ வாரங்கள் ஓட்டினார்கள். கருப்பு நிறம், மூக்கு, பருமன், ஓரினச் சேர்க்கையாளர்களின் நடை உடை எல்லாம் சுலபமான சிரிப்புக்குப் பயன்பட்டன. அந்தக் காலம் அப்படி என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே எழுத்தாளர்கள்தான் பிராட் பீட்டை எழுதினார்கள். அவர்களால் இதைவிட நன்றாக எழுத முடியும் என்பது தெரிந்ததால்தான் வருத்தம். அந்த நடிகைகளிலும் ரூஃபா மே கின்டோ போன்றவர்கள், தங்களுக்குக் கொடுத்த அசட்டுப் பெண் வேடத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டு உண்மையான நகைச்சுவையாக்கிக் காட்டினார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கே சேர வேண்டும். சாரிஸ் சாலமன் காலத்தில் பெண்களுக்கு நல்ல ஜோக் கிடைக்கத் தொடங்கியது. இன்றைய துணுக்குகளில் பழைய நெடி ரொம்பக் குறைந்திருக்கிறது.

அரசியல் கேலி எப்போதும் கொஞ்சம் இருந்தது. 2025-ல் அது கூர்மையானது. வெள்ளத் தடுப்புப் பணிகளுக்கு ஒதுக்கிய பணத்தில் பெரிய ஊழல் என்று நாடே கொதித்தது, செனட் விசாரணை நேரலையில் ஓடியது. ஒவ்வொரு மழைக்கும் இடுப்பளவு தண்ணீரில் நடக்கும் மக்களுக்கு அது வெறும் செய்தி இல்லை. விசாரணையில் அதிகம் அடிபட்ட ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் சாரா டிஸ்காயா. மைக்கேல் வி. அவரைப் போலவே முடி, உடை, முகபாவம் எல்லாம் வைத்து 'சியாலா டிஸ்மாயா' என்ற பாத்திரமாக வந்து விசாரணைக் கூண்டில் உட்கார்ந்தார். 55 வயதில், முப்பதாம் ஆண்டைத் தொடும் ஒரு நிகழ்ச்சியில், நாடு முழுக்கப் பகிரப்பட்ட ஒரு துணுக்கைத் தருவது சின்ன விஷயமா? எழுத்தாளர்கள் அந்த வாரச் செய்தியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நீங்களே பார்க்க விரும்பினால், ஜிஎம்ஏ-வின் 'யூலோல்' என்ற யூடியூப் சேனலில் பழையதும் புதியதுமாக ஏராளம் கிடக்கிறது. யாயா-ஆஞ்சலினாவில் தொடங்குங்கள், மொழி தெரியாவிட்டாலும் முகமும் குரலும் போதும். பிறகு சியாலா டிஸ்மாயா. அதற்கு முன் வெள்ளத் தடுப்பு விவகாரத்தை ஒரு பத்து நிமிடம் படித்துக்கொண்டால் நல்லது. பிராட் பீட்டை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டாம். அதில் பாதி தகலாக் வார்த்தை விளையாட்டு, மீதிப் பாதி பிலிப்பினோக்கள் சின்ன வயதில் பாடிய பாட்டுகள். அந்தச் சாப்பாட்டு மேசை நண்பர்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். ஆசையாகச் சொல்வார்கள்.